சீனிக்கு வந்த நாலு சப்பாத்து

கல்முனைக்குடி,
10.02.1982

அன்பு மச்சான் ஷரிபுதீன் அவர்களுக்கு, மீராசாஹிபு மச்சான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். றியாத்தின் வெயிலும் உங்கள் அறபி முதலாளியின் கோபமும் உங்கள்மேல் அளவோடு விழவேண்டுமென்று துஆச் செய்கிறோம். இங்கே நானும் என் வீட்டுக்காரி, உங்கள் ராத்தா பாத்தும்மாவும், பிள்ளைகள் நதீராவும் ஸமட்டும் சுகம். குதிரை சீனியும் சுகம். உங்கள் ராத்தா என்னோடு கதைப்பதில்லை. மற்றப்படி அல்லாஹ்வின் உதவியால் ஒரு குறையுமில்லை.

நீங்கள் அனுப்பிய குதிரைச் சப்பாத்து நாலும் பத்திரமாக வந்து சேர்ந்தன. மச்சான், அது என்ன சாமான்! ஆணி இல்லை, நெருப்பு இல்லை, அடிதடி இல்லை. கறுப்பு றப்பர்க் கிண்ணம், முன்னால் இழுத்துப் பூட்ட ஒரு கொளுவி, அவ்வளவுதான். மேசையில் வைத்து நான் பார்த்துக்கொண்டே இருந்ததில் தேத்தண்ணி ஆறிப்போயிற்று. கண்டுபிடித்தவன் எந்த நாட்டவனாக இருந்தாலும் அவனைப் பெற்றவர்கள் நன்றாக இருக்கட்டும். நீங்கள் குதிரை லாயத்தில் வேலைக்குப் போனபோது "சாணி அள்ளவா பிளேன் ஏறிப் போறான்?" என்று கேட்டது நானில்லை, வேறு யாரோ.

நடந்ததை ஒழுங்காகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும், ஆகையால் தெரிந்ததையும் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் றோட்டு ஓவசியர் வேலையில் ஓய்வு பெற்ற கையோடு, பதுளையில் நாட்டைவிட்டுப் போன தோட்டத்துத் துரை ஒருவரிடம் சீனியை வாங்கி வந்தேன். கடற்கரை மணலிலும் வட்டை வயல் வரம்பிலும் அவள் போகிற போக்கைப் பார்க்க வேண்டும், முதுகில் பால் செம்பு வைத்தாலும் சிந்தாது. ஆனால் எங்கள் தெருக் கல் றோட்டில் ஏறினால் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைப்பாள். அந்த றோட்டு நான் நின்று போடுவித்தது. அதனால்தான் இன்றுவரை ஒரு கல்கூட மழுங்கவில்லை. பாண்டிருப்பிலிருந்து மாட்டுக்கு லாடம் அடிக்கிற புண்ணியமூர்த்தியைக் கூப்பிட்டேன். அவர் சீனியின் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஓவசியர் ஐயா, மாட்டுக்கெண்டா குளம்பு ரெண்டா பிளந்திருக்கும், ஒரு காலுக்கு ரெண்டு லாடம். இது என்ன, முழுசா ஒரு கோப்பை மாதிரி இரிக்கி, நான் எங்க அடிக்கிற?" என்று கேட்டு, சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். சுத்தியலைக் கண்டதும் சீனி பின்னங்காலால் எங்கள் கோழிக்கூட்டை உதைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதற்கிடையில் நதீராவுக்குச் சம்பந்தம் சரிவந்தது. மாப்பிள்ளை அபுல் ஹஸன், பள்ளிக்கூட மாஸ்டர், இதே தெருவின் மறு அந்தத்தில் வீடு. பேச்சுக்கு வந்த சபையில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மாப்பிள்ளையை நான் குதிரையில்தான் எடுப்பேன்" என்று சொல்லிவிட்டேன். சபை போனபிறகு உங்கள் ராத்தா சொன்னதை எழுத்துப் பிசகாமல் எழுதுகிறேன்:

"இஞ்சருங்க, வீடும் வளவும் இனி புள்ளைக்கிச் சீதனம். மாப்பிள்ள வந்து இரிக்கிற வளவுக்க லாயம் கட்டி வெச்சா ஊர் சிரிக்கும். அந்தக் குதிர மாப்பிள்ளையச் சுமந்து வந்து வாசல்ல எறக்கினா நிக்கட்டும். இல்லாட்டி பொத்துவில்ல வெள்ளக்காரனுகள ஏத்தி ஓட்டுறத்துக்கு ஒராள் கேட்டு வந்தாரே, அவருக்கே குடுத்திடுங்க."

உங்கள் ராத்தா ஒன்று சொன்னால் சொன்னதுதான், நீங்கள் அவவோடு வளர்ந்தவர். அன்றிலிருந்து என் சீவன் சீனியின் குளம்பில் தொங்கியது. வழி கேட்டு உங்களுக்கு அவசரமாக எழுதினேன். நீங்களும் எவ்வளவு விளக்கமாகப் பதில் எழுதினீர்கள்! குளம்பைச் செதுக்கிய பிறகே அளக்க வேண்டும், முன்னங்கால் வேறு பின்னங்கால் வேறு, அகலமும் நீளமும் எடுக்க வேண்டும், இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் சின்னதையே எடுக்க வேண்டும், பெரிசானால் சுழன்று கழலும். ஒரு எஞ்சினியர்கூட எனக்கு இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை. ஆனால் மச்சான், காலம் முழுக்க றோட்டு அளந்தவனுக்கு ஒரு குளம்பை அளக்கவா தெரியாது என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. சீனியைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், அலை நனைத்துவிட்டுப் போன மணலில் நடக்கவிட்டு, பதிந்த தடத்தைக் குனிந்து அளந்து அனுப்பினேன். தோணிக்காரர்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். ஈர மணலில் தடம் விரியும் என்று ஒருத்தராவது வாய் திறக்கவில்லை.

ஆகவே சப்பாத்துகள் பெரிசாக இருந்தன. உங்கள்மேல் ஒரு பிழையுமில்லை. நான் தென்னந்தும்பு நாரை வைத்து அடைத்தேன், இறுகிவிட்டது. பிறகு பழக்கம். உள்ளே மண் இருந்தால் புண் வரும் என்று எழுதியிருந்தீர்களே, அதனால் ஸமட் ஒவ்வொரு நாளும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து குனிந்து குளம்பைக் கழுவி, துடைத்து, பூட்டி, தெருவில் நடத்திக்கொண்டு போவான். மச்சான், சீனியின் மூளையை நான் என்னவென்று சொல்ல! சில நாளிலேயே செம்போடு ஒருவர் குனிந்தால் போதும், தானாகவே காலைத் தூக்கிக் கையில் தந்துவிடுவாள். கல் றோட்டில் நொண்டலே இல்லை. டக் டக் என்று அவள் போக, தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. பள்ளிவாசல் மரைக்கார் கச்சிமுகம்மது மட்டும், "மனிசனே செருப்பில்லாமத் திரியக்குள்ள குதிரைக்கிச் சப்பாத்தா?" என்றார். பொறாமை.

கல்யாணம் சென்ற ஞாயிறு. அஸறுத் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையை எடுக்கப் போனோம். மாப்பிள்ளைக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, சீனியின் கழுத்தில் மாலை, முன்னால் றபான் கொட்டு, பொல்லடி ஆட்டம். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்ததும் எனக்குக் கண் கலங்கியது, சொல்ல வெட்கமில்லை. எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனால் தூசி எழும்பக் கூடாதென்று நல்ல மனதோடு தெருச் சனம் வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தது. தும்பு நனைந்தது. நனைந்த தும்பு வழுக்கியது. மரைக்கார் வீட்டு முன்னால் சீனி ஒரு எட்டு எடுத்து வைத்தாள், முன் இடதுகால் சப்பாத்து வேலிக்கு மேலால் பறந்துபோய் மரைக்காரின் கிணற்றுக்குள் தொபுக்கென்று விழுந்தது. வேறு எத்தனையோ கிணறு இருந்தது மச்சான்.

சீனி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டாள். "இருங்க மருமகன், இன்னும் கொஞ்சத் தூரந்தான், அவ போயிருவா" என்று நான் கெஞ்சினேன். அந்தப் பிள்ளை என்ன செய்தது தெரியுமா? கீழே குதித்துவிட்டது. "மாமா, வெறுங்காலோட கல்லுல அவ நடக்க நான் மேல இரிக்கிறதா?" என்று சொல்லி, தன் சால்வையை மடித்து அந்தக் காலில் கட்டி, கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு நடந்தார். பட்டுச் சால்வை! அப்படி ஒரு மருமகன் கிடைக்க நான் என்ன நன்மை செய்தேனோ. ஆனால் உங்கள் ராத்தாவின் நிபந்தனை அந்த இடத்திலேயே முறிந்துவிட்டதே. நான் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் பின்னால் நடந்தேன்.

வாசலில் வழமைப்படி பெண்ணின் தம்பி மாப்பிள்ளைக்குக் கால் கழுவி உள்ளே எடுக்க வேண்டும். ஸமட் புதுச் சாரத்தோடு, பன்னீர் கலந்த செம்போடு, தாம்பாளத்தின் முன்னால் குனிந்தான். செம்போடு ஒருவர் குனிவதைச் சீனி கண்டாள். மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து, சால்வை அவிழ்ந்த காலை நேராகத் தாம்பாளத்தில் வைத்தாள். அதைவிடப் பெரிய கூத்து, ஸமட் பழக்கத்தில் தலை நிமிராமல் பன்னீரை ஊற்றிக் கழுவித் துடைத்தும் விட்டான். பந்தல் இடிந்து விழுகிற சிரிப்பு. மாப்பிள்ளை மட்டும் மரியாதையாக, "மச்சான், அவவுக்கு முடிச்சிற்று எனக்குக் கழுவுங்க" என்று சொல்லி, கால் கழுவுகிறவருக்கு வழமையான மோதிரத்தை ஸமட்டின் விரலில் போட்டார்.

ஜன்னல் சீலைக்குப் பின்னால் உங்கள் ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதை நான் கண்டேன். அழுகைதான். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தையுமில்லை. மரைக்காரும் கிணற்றை இறைத்துத் தரச் சொல்லி ஆள் அனுப்புகிறார். ஆகவே மனதைக் கல்லாக்கிக்கொண்டு முடிவு செய்துவிட்டேன். பொத்துவில் ஆளுக்குச் சொல்லியனுப்பியாயிற்று, நாளைக்கு வருவார். சீனியைப்போல ஒரு சீவனை இனி நான் காணப்போவதில்லை. இனிமேல் நீங்கள் சப்பாத்து ஒன்றும் தேட வேண்டாம். மீதி மூன்றையும் அவளோடு கொடுத்துவிடுவேன்.

உங்கள் கைக்குப் பறக்கத்தும் காலுக்கு ஆரோக்கியமும் கிடைக்கட்டும். லாயத்திலுள்ள குதிரைகளுக்கும் என் சலாம்.

இப்படிக்கு,
மச்சான் மீராசாஹிபு

பிற்குறிப்பு: மேலே எழுதியதை அடித்துவிட்டு வாசிக்கவும். கடிதத்தைத் தபாலில் போடுமுன் பொத்துவில் ஆள் வந்துவிட்டார். நான் கயிற்றை அவிழ்க்கப் போக, உங்கள் ராத்தா கதவுக்குப் பின்னாலிருந்து நாலு நாளைக்குப் பிறகு வாய் திறந்தார்: "வாசல்ல வெச்சுப் பன்னீரால கால் கழுவி எடுத்தவள விக்கிற குடும்பமா இது? அவர போகச் சொல்லுங்க." அன்றைக்கு அவர் குலுங்கியது சிரிப்பாம். என் முகத்தைப் பார்த்தால் திரும்பச் சிரிப்பு வருமென்றுதான் கதைக்கவில்லையாம். இத்துடன் நாலு கடதாசி வைத்திருக்கிறேன். குளம்பைச் செதுக்குவித்து, உங்கள் ராத்தா தன் கையாலேயே நாலு காலையும் அதில் தூக்கி வைத்து, சட்டைக்கு வெட்டுவதுபோல வெட்டியிருக்கிறார். அந்த அளவுக்கே அனுப்புங்கள். சீனி இனி வீட்டு ஆளானபடியால், சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வளவுக்குள் வர வேண்டும் என்பது மட்டும் அவரின் புதிய நிபந்தனை.