மூன்றாவது கை

கொச்சி மட்டாஞ்சேரியில் எண்ணிக்கை தப்பாத ஒரே மனிதர் லாபம் அண்ணன்தான். மீதிப் பேர் எல்லாரும் குத்துமதிப்பு. நானும் அதில் சேர்த்திதான்.

பிள்ளைகளே, நீங்கள் எண்ணும்போது ஒன்று, இரண்டு என்று தொடங்குவீர்கள். மூட்டை எண்ணும் பழைய ஆட்கள் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். "லாபம், ரெண்டு, மூணு" என்று போவார்கள். முதல் சொல் நல்ல சொல்லாக இருக்கட்டும் என்று ஒரு வழக்கம். போடிப் பக்கத்திலிருந்து எப்போதோ இங்கே வந்தவர் இந்த அண்ணன். எங்கள் சுக்குக் கிடங்கில் லாரியில் ஏறும் மூட்டைகளை எண்ணுவது அவர் வேலை. மூட்டையின் வாயைத் தைப்பது என் வேலை. அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் என்ன என்று கிடங்கில் யாருக்கும் தெரியாது.

மூட்டையோடு நிறுத்தினால் பரவாயில்லை. இட்லி தின்றாலும் "லாபம், ரெண்டு." கொசு அடித்தாலும் "லாபம், ரெண்டு." சுக்குத் தூசியில் எனக்குத் தும்மல் வரும். சாயங்காலம் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, "இன்னிக்கு நாப்பத்தொண்ணு தம்பி. நேத்தைவிட ஆறு கூடுதல். பனங்கல்கண்டு வாங்கிக்கோ" என்பார்.

ஒருமுறை எறணாகுளத்திலிருந்து போர்ட் கொச்சிக்கு வரும் படகில் நாங்கள் வந்தோம். ஏறும்போது தன்னைத் தவிர அறுபத்து மூன்று பேர் என்று எண்ணி வைத்திருக்கிறார். கரைக்கு வந்ததும் எல்லாரும் இறங்கினார்கள். அண்ணன் இறங்கவில்லை.

"சேட்டா, எறங்கு. அடுத்த ட்ரிப்பு போணும்" என்றார் படகுக்காரர்.

"ஒரு ஆளு குறையுது. அறுபத்திரண்டுதான் எறங்கிருக்கு."

படகுக்காரர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெல்ல எட்டித் தண்ணீரைப் பார்த்தார். கரையில் நின்ற எல்லாருமே தண்ணீரைப் பார்த்தார்கள். பச்சையாய், ஒன்றும் தெரியாதது போல் அது அசைந்துகொண்டிருந்தது. கடைசியில் மிதவைச் சட்டைகள் குவித்திருந்த மூலையிலிருந்து ஒரு கால் நீண்டது. தூங்கிப்போன ஓர் ஆசாமி. "அறுபத்து மூணு" என்று சொல்லிவிட்டு அண்ணன் இறங்கினார்.

இப்படிப்பட்டவர் கையில் கேமரா கிடைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

எங்கள் இரண்டு பேர் வீடும் பழைய பண்டகசாலைகளுக்குப் பின்னால் ஒரே வரிசை. மழைக்காலத்தில் நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டும். என் மகள் அம்மு நாலாம் வகுப்பு. நாலு மணிக்குப் பள்ளி விட்டு வருவாள். நான் வர ஆறு ஆகும். அவள் அம்மா எறணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலை செய்கிறாள், வர ஏழு ஆகும். நாலிலிருந்து ஆறு வரை பிள்ளை தனியாக இருக்கிறாளே என்ற நினைப்பில் அந்த இரண்டு மணி நேரமும் என் ஊசி கோணலாகத்தான் போகும்.

அண்ணனுக்கும் அதே கவலை. கண்ணன், சின்னு என்று இரண்டு பிள்ளைகள். அவர் மனைவி இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போகிறவர். அதனால் அவர்தான் முதலில் மலிவாக ஒரு கேமரா வாங்கி மாட்டினார். நாலு நாள் கழித்து நானும் வாங்கினேன். வாத்து முட்டை அளவில் வெள்ளையாக ஒரு உருண்டை, நடுவில் கறுப்புக் கண். நாம் போனில் விரலை நகர்த்தினால் அங்கே அது கிர்ரென்று தலையைத் திருப்பும். யாராவது நகர்ந்தால் தானாகவும் திரும்பும். இங்கிருந்து பேசினால் அங்கே கேட்கும்.

அண்ணன் பேசினார். கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் கிடங்கே அதிரும்.

"மக்களே, கை பொக்குங்க. லாபம், ரெண்டு. செரி, எறக்கு. சின்னு, நகத்தைக் கடிக்காத."

பொக்கு என்றால் தூக்கு. அந்தச் சத்தம் அங்கே கேமராவில் வெளிவந்து வரிசை முழுக்கக் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர்களும் பழக்கத்தில் கை தூக்கினார்கள். தெருவில் மீன் விற்கும் சேச்சிகூடக் கூடையிலிருந்து ஒரு கையை எடுத்துத் தூக்கிவிட்டுத்தான் "மத்தி, மத்தி" என்று தொடருவாராம்.

நான் பேசவில்லை. பத்துப் பேர் நிற்கும் இடத்தில் போனைப் பார்த்துக் கொஞ்ச எனக்கு வெட்கம். பார்த்தால் போதாதா என்று நினைத்தேன். நாலரைக்குச் சாயா குடிக்கும்போது போனைத் திறப்பேன், விரலால் கேமராவை அப்படி இப்படித் திருப்பிப் பார்ப்பேன், சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். முதல் சில நாள் அம்மு கட்டிலுக்கு அடியில் இருந்தாள். விளையாடுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். அதன் பிறகு பிள்ளை மாறிவிட்டாள். மேசைமுன் நிமிர்ந்து உட்கார்ந்து, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரே படிப்பு. இரட்டைச் சடையில் ரிப்பன் மட்டும் காற்றில் ஆடும்.

"தண்ணி குடிக்கக்கூட எழுந்திரிக்கிறதில்லை அண்ணே" என்று பெருமையடித்தேன். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஒரு நாள் நல்ல மழை. கிடங்கில் லாரி ஏற்றிக்கொண்டிருந்தோம். அண்ணன் போனை எடுத்து, "கை பொக்குங்க மக்களே" என்றார். "லாபம், ரெண்டு, மூணு."

அப்படியே நின்றுவிட்டார். தலையில் மூட்டையோடு ஷாஜியும் நின்றுவிட்டான். ஷாஜி எங்கள் சுமட்டுக்காரன்.

"எறக்குங்க. இன்னொரு தரம் பொக்குங்க." இரண்டாம் தரமும் எண்ணினார். "லாபம், ரெண்டு, மூணு. தம்பி, இங்க வா. என் வீட்டுல எத்தனை பிள்ளை?"

"ரெண்டு அண்ணே."

"அலமாரிக்குப் பின்னாலேர்ந்து ஒரு கை வருதே, அது ஆரு கை?"

நான் ஊசியைக் குத்திவைத்துவிட்டு வருவதற்குள் கை இறங்கிவிட்டது. இருட்டினால் அந்தக் கேமராவில் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். கண்ணன், சின்னு இரண்டு பேர் கண்ணும் வெள்ளையாய் மின்னியது. அவர்களுக்குப் பின்னால் இரும்பு அலமாரி. அதற்கும் பின்னால் வெறும் கறுப்பு.

"கண்ணா, அலமாரிக்குப் பின்னால ஆருடா?"

"ஆரும் இல்லைப்பா" என்றான் கண்ணன். கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னான்.

ஷாஜி மூட்டையை இறக்கி வைத்தான். "சேட்டா, அந்தச் சொவருக்கு அப்புறம் பழைய பண்டகசாலையில்லே? எத்தர வருஷமா பூட்டிக் கெடக்குது. அவிடெ ராத்திரி மூட்டை இழுக்குற சத்தம் கேக்கும்னு எங்க தாத்தா பறயும்."

"பேயா இருந்தாலும் கை தூக்கினா எண்ணித்தான் ஆகணும்" என்றார் அண்ணன். ஆனால் குரல் சரியாக இல்லை.

அடுத்த நாளும் மூன்று. அதற்கடுத்த நாளும் மூன்று. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அலமாரிக்குப் பின்னால் விளக்கடித்துப் பார்த்தால் ஒரு பழைய குடைதான் இருக்கும். அண்ணனுக்கு வயதாகிவிட்டது, எண்ணிக்கை போய்விட்டது என்று கிடங்கில் பேசிக்கொண்டார்கள். அவர் இட்லியை எண்ணாமல் தின்றார்.

ஐந்தாம் நாள் சாயா நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என் கேமராவுக்குத்தான் கேடா இருக்கும். உன்னோடது எப்படிக் காட்டுதுன்னு பாக்கலாம்."

கொடுத்தேன். நான் தைக்கத் தொடங்கிவிட்டேன். நாலைந்து மூட்டை தைத்திருப்பேன், அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தம்பி. உன் மோள் ஒரு பக்கம் படிக்க எத்தனை நேரமாகும்?"

"அதையெல்லாம் ஆரண்ணே எண்ணுறது?"

"நான் எண்ணிட்டிருக்கேன். இருபது நிமிஷமா ஒரு பக்கம்கூடத் திருப்பலை." பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார். "மூச்சு விட்டா தோளு ஏறி எறங்கணும். அதையும் எண்ணிப் பாத்தேன். ஒண்ணுகூட இல்லை."

ஊசி என் விரலில் ஏறியது.

"கூப்பிடு" என்றார்.

"அம்மு." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாக் கூப்பிடு."

"அம்மு, அப்பாதான் கூப்பிடுறேன். இங்க திரும்பு மோளே."

ரிப்பன் ஆடியது. வேறொன்றும் ஆடவில்லை. பிறகு அந்தத் தலை மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. தோளைவிட்டு மேசையில் விழுந்து, உருண்டு, ஓரத்தில் ஒரு நொடி நின்று, கீழே போய்விட்டது. நிமிர்ந்த முதுகு மட்டும் தலையில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. மழை, சேறு, வழியில் நின்ற தள்ளுவண்டி எதுவும் நினைவில்லை. அண்ணன் பின்னாலேயே ஓடிவந்தார். ஓடும்போது அவர் எதையுமே எண்ணவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

வீடு வெளியே பூட்டியிருந்தது. என்னிடமிருந்த சாவியால் திறந்தேன். நாற்காலியில் அம்முவின் சீருடை, உள்ளே தலையணை. மேசைக்கு அடியில் தலை கிடந்தது. பந்தின் மேல் அவள் அம்மாவின் கறுப்புத் துணியைச் சுற்றி, நான் மூட்டை தைக்கும் சணலுக்குக் கறுப்பு மை பூசி இரண்டு சடை பின்னி, ரிப்பன் கட்டியிருந்தாள். ரிப்பன் ஆடுவதற்கு மேசை விசிறியை வைத்திருந்தாள். ஏதாவது அசைந்தால்தான் கேமரா அதையே பார்த்துக்கொண்டு நிற்கும் என்று கண்டுபிடித்திருக்கிறாள். ஆறு மணிக்கு நான் வருவதற்குள் திரும்பி வந்து எல்லாவற்றையும் எடுத்தும் வைத்திருக்கிறாள்.

கிர்ரென்று ஒரு சத்தம். கேமரா என் பக்கம் திரும்பியது. நான் கட்டில் பக்கம் போனேன், அதுவும் வந்தது. கதவுப் பக்கம் போனேன், வந்தது. என் போன் அண்ணன் கையில் இருக்கிறது, அவர் என் பின்னால் நிற்கிறார், யாரும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முதுகு சில்லிட்டது. தனியாக, நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, தினமும் இந்தக் கண்ணின் முன்னால்.

"அண்ணே, என் பிள்ளை எங்க?"

அண்ணன் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் போனை எடுத்தார்.

"மக்களே, கை பொக்குங்க." அந்தக் குரல் போனில் மட்டும் கேட்கவில்லை, நாலு வீடு தள்ளி மழைக்குள்ளிருந்தும் கேட்டது. "லாபம். ரெண்டு. மூணாவது கை, நல்லா உசரமாப் பொக்கு மோளே. உன் அப்பன் பாக்கணும்."

அலமாரிக்குப் பின்னாலிருந்து அந்தக் கை எழுந்தது. மணிக்கட்டில் பச்சை வளையல். நான் வாங்கிக் கொடுத்தது. என்ன, அந்தக் கறுப்பு வெள்ளையில் அது சாம்பலாகத் தெரிந்தது.

அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மூன்று பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அம்மு அழுதுகொண்டே சொன்னாள்.

"அது சும்மா சும்மா திரும்புதுப்பா. ஒண்ணும் பேசாது. கட்டிலுக்கு அடியில போனாலும் அங்கயும் பாக்குது."

"அப்பாதானே மோளே பாத்தேன்?"

"நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் குனிந்து அவளிடம் கேட்டார்.

"செரி, ஒளிஞ்சிருக்கிறவ ஒளிஞ்சே இருக்கலாமில்லே? எதுக்குக் கை பொக்கின?"

"நீங்க எண்ணுறீங்களே மாமா. நான் மட்டும் விட்டுப்போயிருவேனே."

பேயில்லை என்று ஆனதற்கும், தன் எண்ணிக்கை சரி என்று ஆனதற்கும் அண்ணன் ஊரையே கூட்டியிருக்க வேண்டும். கூட்டவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

பிள்ளைகளே, நீங்கள் யாரிடமும் சொல்லாமல் வீட்டைப் பூட்டிவிட்டு இப்படிப் போகக் கூடாது. தலை உருண்டு விழுந்த அந்த நொடியில் எனக்கு உயிரே இல்லை. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். அப்பா சங்கடப்பட்டாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

அம்மு நாலு மணிக்கு வந்து உடை மாற்றி, பிளாஸ்கில் அம்மா வைத்துவிட்டுப்போன சாயாவைக் குடித்துவிட்டு, அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவானது. அந்தக் கால் மணி நேரம் நான் கேமராவில் அவளோடு பேச வேண்டும். அதுதான் அவள் கேட்ட ஒரே நிபந்தனை.

மறுநாள் பெரிய லாரி வந்து நின்றது. நாலு மணி. போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். வாய் வரவில்லை. சுற்றிலும் ஒரே கூச்சல். அண்ணன் நூறு மூட்டையைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கையை உயர்த்தினார். தலையில் மூட்டையோடு ஏழெட்டுப் பேர் அப்படியே நின்றார்கள். லாரிக்காரர் என்ஜினை அணைத்தார். கிடங்கில் நான் அப்படியோர் அமைதியைக் கேட்டதில்லை.

"பேசு தம்பி" என்றார்.

"அம்மு, சாயா குடிச்சியா?"

பதில் கிடங்கு முழுக்கக் கேட்டது. "குடிச்சேன்ப்பா. நீங்க குடிச்சீங்களா?"

பேசி முடித்தேன். தலையில் கனம் தாங்காமல் ஷாஜி கேட்டான், "சேட்டா, எத்தனையில நிக்குறோம்?"

லாபம் அண்ணன் யோசித்தார். லாரியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"தெரியலைடா" என்றார். "எல்லாத்தையும் எறக்கு, முதல்லேர்ந்து எண்ணலாம். மோள் சாயா குடிச்சிட்டா."