கொடி மாறியதிலிருந்து ஜன்னத்து வளர்கிறாள்

திருமலைராயன்பட்டினம்,
1955 பிப்ரவரி.

சைகோனில் கடை நடத்தும் அன்பு மச்சான் கபீர் அவர்களுக்கு, பட்டினத்திலிருந்து ஜெகபர் சாதிக் சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் கூடப்பிறந்த லாத்தா கைருன்னிஸாவும் சுகம். எங்கள் மகள் ஜன்னத்துல் பிர்தௌஸ் மட்டும் சுகத்துக்கும் கொஞ்சம் மேலே போய்விட்டாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படியுங்கள்.

ஜன்னத்துக்கும் உங்கள் மகன் இப்ராஹிமுக்கும் நிக்காஹ் என்பது இருவரும் தொட்டிலில் கிடந்தபோதே பேசி முடித்தது. ஆனால் கப்பலேறும்போது உங்கள் வீட்டம்மா என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்பதை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. "எல்லாம் சரிதாங்க, பொண்ணு மாப்புளையவிட ஒரு வெரக்கடையாச்சும் கட்டையா இருக்கணும், இல்லாட்டி ஊரு சிரிக்கும்" என்றார்கள். அன்றிலிருந்து உங்களுக்கு எழுத உட்காரும் முன்னால் அவளைச் சரக்கறைக் கதவோரம் நிறுத்தி, துணிக்கடைக் கோலால் அளந்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவேன். சர்க்கார் காகிதத்தில் கண்டபடி நீங்கள் எழுதி அனுப்பிய இப்ராஹிமின் உயரம், என் கடைக் கணக்கில் சொன்னால், ஒன்றே முக்கால் கோலுக்குச் சற்றுக் குறைவு. ஜன்னத்து ஒன்றரைக் கோலும் அரைச் சாணும். வயது பதினெட்டாகியும் அதற்குமேல் அசையவில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன்.

போன நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அந்த மாதமே கடைக்குப் புதுக் கோல் ஒன்றும் வந்தது. பழையதைக் கறையான் தின்றுவிட்டதைப் பார்த்து நாகப்பட்டினத்து மொத்த வியாபாரி அன்பளிப்பாகக் கொடுத்தார். இரண்டு முனையிலும் பித்தளைப் பூண், பழையதைவிடக் கைக்கு அடக்கம். அதை எடுத்துக்கொண்டு வந்து ஜன்னத்தை அளந்தால், மச்சான், ஒன்றே முக்கால் கோலையும் தாண்டி நிற்கிறாள். எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. மறுநாளும் அதே கோலால் அளந்தேன், அதே அளவு. அவளோ முக்காட்டு முனையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறாள், தோள் குலுங்குகிறது. பாவம், அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்துக் கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்றைக்கே வீட்டில் பாலை நிறுத்தினேன், கொடுவா மீனை நிறுத்தினேன், கொடியில் எட்டித் துணி காயப்போடக் கூடாது என்றேன். உங்கள் லாத்தாவுக்குக் கோபம். "வளந்தவளுக்குப் பழைய பாவாடை எப்படிங்க கணுக்கால் வரைக்கும் நிக்கிது" என்று கேட்கிறாள். துவைத்துத் துவைத்துத் துணி நீண்டிருக்கும் என்றேன், துணி வியாபாரிக்குத் தெரியாததா. சரி, என் மகள் ஒருத்திதானா என்று பார்த்தால், கடைக்கு வந்த குரும்பகரத்துக் காசியம்மா, "பாய், எப்பவும் எடுக்குற ரெண்டு கோலுத் துணிதான், எம்மவளுக்குப் பாவாடை பத்தலை" என்கிறாள். உன் மகளும் வளந்துட்டாம்மா என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் அதே புகார். ஆட்சி மாறினதில தண்ணிகிண்ணி மாறிப்போச்சோ என்று பயந்து, டாக்டர் பாலகுருவிடம் ஓடினேன்.

அவர் நிதானமான மனுசர். "பாய், உயரம்ங்கிறது பாதிக்குமேல அப்பன் ஆத்தா குடுக்குறது. மிச்சம் சின்ன வயசுல சாப்புட்ட சாப்பாடு, வந்த சீக்கு, தூங்குன தூக்கம். சண்டைக் காலத்துல அரிசி கெடைக்காம எத்தனை புள்ளைங்க கட்டையாவே நின்னுபோச்சு தெரியுமா? பொம்பளப் புள்ளைங்க வயசுக்கு வந்து ரெண்டு மூணு வருசத்துல எலும்பு முனை மூடிக்கும், அப்புறம் பாலைக் குடுத்தாலும் வளராது, நிறுத்துனாலும் குறையாது. பதினெட்டு வயசுல ஒரே மாசத்துல இம்புட்டு வளர்றது நடக்காத காரியம். போயி நல்லா அளந்து பாருங்க" என்றார். வந்து நல்லா அளந்தேன், பித்தளைப் பூண் தரையில் படும்படி. அதே ஒன்றே முக்காலுக்கு மேல். அப்பன் ஆத்தா குடுக்குறது என்றாரே, என் பக்கம் எல்லோரும் கட்டை. உங்கள் வாப்பாதான் பள்ளிவாசல் நிலைப்படியில் குனியாமல் நுழைந்து வாரம் ஒருமுறை நெற்றியைப் புடைத்துக்கொள்வார். இது உங்கள் வீட்டுச் சரக்கு, மச்சான், என்னைக் குறை சொல்லாதீர்கள்.

இப்படியாக, கொடுத்த வாக்கைச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. இப்ராஹிமுக்கு வேறு இடம் பார்ப்பதானால் பாருங்கள். எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். இதை எழுதத் துணிந்த இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. என் பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் சலாம். எங்கிருந்தாலும், யாரைக் கட்டினாலும் இப்ராஹிம் நீடூழி வாழ என் துஆ.

இப்படிக்கு,
ஜெகபர் சாதிக்

பின்குறிப்பு: மேலே உள்ளதை உங்கள் லாத்தாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் ஜன்னத்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "வாப்பா, பழசு பிரெஞ்சுக்காரங்க மீட்டர் கோலு. நாகப்பட்டினத்துக்காரரு குடுத்தது இங்கிலீசுக் கெஜக்கோலு. நாலஞ்சு வெரக்கடை கட்டை. நான் ரவிக்கைத் துணி வெட்டுன அன்னிக்கே தெரியும்" என்றாள். வளர்ந்தது அவள் இல்லை. காசியம்மா மகளும் இல்லை; அளவில் குறைந்துபோன துணியைக் குரும்பகரத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஏம்மா சொல்லலை என்று கேட்டேன். "இப்ராஹிம் மச்சான் என் உசரத்தைக் கட்டுறாங்களா, என்னையக் கட்டுறாங்களான்னு தெரிஞ்சுக்கணும் வாப்பா. கடுதாசி நல்லாத்தான் இருக்கு, ஒரு எழுத்துக் கூட்டாம அப்படியே போடுங்க" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு, இதைக் கடையில் உட்கார்ந்து அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். ஆகவே மச்சான், பின்குறிப்பை மட்டும் கிழித்துவிட்டு, மேலே உள்ளதை இப்ராஹிம் கையில் கொடுங்கள். பதிலை அவரே எழுதட்டும். உங்கள் வீட்டம்மா பக்கத்தில் இருக்க வேண்டாம். இந்த முறை அளக்கப்போவது என் மகள்.