காத்தாடி ராவுத்தரும் இரண்டு ஃபேன்களும்

கம்பம் பள்ளத்தாக்கில் காற்றுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அந்தக் காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கவலைப்பட்டு இளைத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் காத்தாடி ராவுத்தர்.

உத்தமபாளையம் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவருடைய ஒர்க் ஷாப். அந்தக் காலத்தில் பழைய ஜீப்பை வாங்கி, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிக் கடாசிவிட்டு, எதிலிருந்தோ கழற்றிய டீசல் எஞ்சினை உட்கார வைப்பது எங்கள் ஊர் வழக்கம். அடுத்தவன் சட்டையைப் போட்டது போல எஞ்சின் அதில் சரியாகப் பொருந்தாது. ரேடியேட்டர் ஒரு பக்கம், ஃபேன் ஒரு முழம் தள்ளி. குமுளி மேட்டில் பாதி ஏறியதும் கொதிக்கும். உடனே எல்லாரும் ராவுத்தரிடம் வருவார்கள். எஞ்சினே பெல்ட் போட்டுச் சுற்றும் பழைய ஃபேன் நல்லதா, பேட்டரியில் ஓடும் கரண்ட் ஃபேன் நல்லதா?

திங்கட்கிழமை போனால் பெல்ட் ஃபேன். "எஞ்சின் சுத்துனா இதுவும் சுத்தும், நின்னா நிக்கும். விசுவாசம்னா அதுதேன்."

வியாழக்கிழமை போனால் கரண்ட் ஃபேன். "மேட்டுல வண்டி மூச்சு வாங்கயில பெல்ட் ஃபேனும் மெதுவாத்தேன் சுத்தும். தாகத்துக்குத் தண்ணி குடுக்காத விசுவாசம் எதுக்கு? கரண்ட் ஃபேனப் பாரு. எஞ்சின் நின்ன பெறகும் நின்னு சுத்தும்!"

"திங்கக்கெழம வேற மாதிரி சொன்னீகளே மாமா?" என்று கேட்போம்.

"திங்கக்கெழம சொன்னேன். பெறகு யோசிச்சேன்."

சனிக்கிழமைக்குள் மறுபடி யோசித்துவிடுவார். "எஞ்சின் நின்ன பெறகும் சுத்துச்சுன்னா பேட்டரிய நக்கிப்புடும்ல?" கூடலூர் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவருக்கு மூன்று முறை மாற்றி மாற்றி மாட்டிவிட்டார். நான்காம் முறை அவர் மாட்டுவண்டியில் வந்து இறங்கி, "இதுக்கு எது மாட்டணும் ராவுத்தரே?" என்று கேட்டார். ராவுத்தர் குனிந்து மாட்டின் மூக்கை உற்றுப் பார்த்தாராம்.

நான் அப்போது கம்பத்தில் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். சாம்ராஜ்யங்கள் ஏன் சரிந்தன என்று கரும்பலகை நிறையக் காரணம் எழுதத் தெரியும்; என் ஜீப் ஏன் கொதிக்கிறது என்று தெரியாது. வயது முப்பத்தொன்று. ஏழு வீடுகளில் பெண் பார்த்து, பஜ்ஜி தின்றது மட்டும் மிச்சம். எட்டாவதாகக் குமுளியில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் மகள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். அதற்குள் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும், பிந்தினால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவும் தீர்மானமாகச் சொன்னாள்: "இதுதாண்டா கடைசி. இதுவும் தட்டிப் போச்சுன்னா நீயாச்சு, ஒன் பொஸ்தகமாச்சு."

பஸ்ஸில் போய் இறங்கினால் மதிப்பில்லை என்பதால் ஜீப்பை ராவுத்தரிடம் விட்டேன். என்மீது அவருக்குத் தனிப் பிரியம். அதனால் இந்த முறை எதையும் கழற்றவில்லை. பின்னால் பெல்ட் ஃபேன் இருக்க, ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கரண்ட் ஃபேனையும் மாட்டிவிட்டார். ஒரு கார் ஃபேன் அது; பின்பக்கம் மாட்ட வேண்டியது. முன்னால் இடம் கொள்ளாததால் திருப்பி மாட்டியிருந்தார்.

"ரெண்டும் இருக்கு மாப்ள. இனி யோசிக்கவே வேணாம்," என்றார். அப்படி ஒரு நிம்மதியை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

ஞாயிறு காலை புறப்படும்போது புதுச் சிக்கல். நான், அம்மா, தாய்மாமன் என்று மூன்று பேர். மூன்று பேராகப் போனால் காரியம் விளங்காது என்று அம்மா ஜீப்பில் ஏற மறுத்தாள். நாலாவது ஆளுக்கு எங்கே போவது? ஃபேனைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்த ராவுத்தரையே ஏற்றிக்கொண்டோம்.

கூடலூர் வரை சமதளம். எதிர்க்காற்றில் ஜீப் சொகுசாகப் போனது. லோயர் கேம்ப் தாண்டி மேடு தொடங்கியது. மூன்றாவது வளைவில் பானட்டிலிருந்து புஸ்ஸென்று ஆவி. இறங்கினோம். மணி பதினொன்று பத்து.

"ரெண்டு மருமக இருந்தும் அடுப்பு பத்தலங்கிற கதையாவுல்ல இருக்கு!" என்றார் தாய்மாமன். "எதையாச்சும் ஒண்ணக் கழட்டி எறியும்யா!"

ராவுத்தர் ஸ்பானரோடு முன்னால் போனார். நின்றார். பக்கவாட்டில் வந்து பெல்ட் ஃபேனைப் பார்த்தார். மறுபடி முன்னால் போனார். தலையைச் சொறிந்தார்.

"மாப்ள, படிச்ச புள்ள, நீ சொல்லு. எதக் கழட்ட?"

"நான் வரலாறு மாமா."

அவர் என்னைத் தனியே இழுத்தார். "மத்தவுக வண்டின்னா எதையாச்சும் சொல்லிப்புடுவேன். இதுல நான் தப்பாச் சொன்னா ஒன் கல்யாணம்ல நின்னுபோகும்?"

எஞ்சினை அணைத்தும் கரண்ட் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா பூக்கூடையோடு ஜீப்பின் முகப்பில் வந்து நின்றாள், நின்றவுடனே விலகினாள்.

"என்ன ராவுத்தரே, இங்கன நிக்க முடியல. மூஞ்சில அனலா அடிக்குது!"

ராவுத்தர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "யக்கா, காத்து வெளிய வருதா?"

"பூவே வாடிப்போச்சுங்கிறேன்!"

"உள்ளல்ல போகணும் அது!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பின்ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, திருப்பி மாட்டிய முன்ஃபேன் அதை வெளியே தள்ள, இரண்டும் நடுவில் ரேடியேட்டரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கின்றன. ஓட்டத்தில் எதிர்க்காற்று அதை மறைத்துவிட்டது. மேட்டில் சாயம் வெளுத்தது. ராவுத்தர் ஃபேனுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் பிடுங்கி இடம் மாற்றி முறுக்கினார். ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. அம்மாவின் முந்தானை பறந்து போய் கிரில்லில் ஒட்டிக்கொண்டது. ஆறவிட்டு, ஜீப்பில் வைத்திருந்த குடத்துத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஏறினோம். குமுளியில் வாசல் மிதித்தபோது மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்.

பெண்ணின் அப்பா என்னைப் பார்க்கவில்லை. முகமெல்லாம் ரேடியேட்டரின் துருத்தண்ணீர்ப் புள்ளிகளோடு நின்ற ராவுத்தரைப் பார்த்தார். அவர் யார் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. "நம்ம ஜீப்பும் மேட்டுல கொதிக்குதுங்க. பெல்ட் ஃபேனா, கரண்ட் ஃபேனா?"

எனக்குக் கண்ணை இருட்டியது. ராவுத்தர் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம். இரண்டு பக்கமும் அவரே வாதாடினார், அவரே மறுத்தார். தாய்மாமன் பெல்ட் கட்சியில் சேர்ந்தார். அம்மா, முகத்தில் அனல் வாங்கிய அனுபவசாலி என்ற முறையில், இடையிடையே கருத்துச் சொன்னாள். எமகண்டம் வந்து உட்கார்ந்து முக்கால்வாசி கடந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை என்று ஒருவன் மூலையில் இருப்பதையும்.

காப்பி கொண்டுவந்த பெண் என் பக்கம் குனிந்து, "கடைசியா எத மாட்டச் சொல்றாக?" என்று கேட்டாள்.

ஏழு வீடுகளிலும் எல்லாம் தெரிந்தவனாகப் பேசியவன் நான். அன்று அதற்குத் தெம்பில்லை. "எனக்குச் சத்தியமாத் தெரியலங்க," என்றேன்.

அவள் டம்ளர் தளும்பச் சிரித்தாள். "தெரியலன்னு சொல்ற மாப்பிள்ளைய இப்பத்தேன் பாக்குறேன்."

ராவுத்தர் இப்போது இல்லை. எங்களிடம் இருப்பது புதுக் கார், கரண்ட் ஃபேன்தான். தேனிக்குப் போய்த் திரும்பி வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்த பிறகும், வெயில் நாளில் அது பாட்டுக்குச் சற்று நேரம் சுற்றும். நான் இறங்க மாட்டேன்.

"எறங்கலையா?" என்பாள் அவள்.

"ராவுத்தர் இன்னும் பேசிக்கிட்டிருக்காக."

அவளும் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு, அது நிற்கும்வரை என்னோடு உட்கார்ந்திருப்பாள்.