மூலையில் ஒரு படகு

சக ஓவியன் தீமன் வரைந்த கடற்போர்ப் படத்தின் மூலையில் அந்தச் சின்னப் படகைப் பார்த்ததிலிருந்து கோவர்ட்டுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. படகில் தொப்பி போட்ட ஒருவன் மடியில் தாளை வைத்து வரைந்துகொண்டிருந்தான். அது தீமனேதான். ஆங்கிலேயரின் பீரங்கிக்கு நடுவே போய் உட்கார்ந்து வரைந்தானாம். ராட்டர்டாம் முழுக்க இதே பேச்சு.

கோவர்ட்டும் கடற்போர்களைத்தான் வரைந்தான். துறைமுகத்துப் பீர்க்கடையில் மாலுமிகளிடம் கதை கேட்டு, வீட்டில் உட்கார்ந்து வரைவான். கப்பலில் ஒரு கயிறுகூடத் தப்பாது. ஆனாலும் நீல முக்காடு போட்ட ஒரு வேலைக்காரி மட்டுமே அவன் படங்களை வாங்கிப் போவாள். யாருக்கு என்று கேட்டால் சொல்லமாட்டாள்.

"அவன் மூஞ்சிக்குப் பீரங்கி ஒண்ணுதான் குறைச்சல். எனக்கு வயிறு எரியுது, அலீடா."

"எரிஞ்சா மோர் குடிங்க," என்றாள் மனைவி. "இல்லாட்டி நீங்களும் ஒரு படகு வரைங்க. வீட்டுல மையா இல்ல?"

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். கோவர்ட் அன்றே தன் புதுப் படத்தின் மூலையில் ஒரு படகைப் போட்டு, தன்னையும் உட்காரவைத்தான். தொப்பி தீமனுடையதைவிட ஒரு விரற்கடை பெரிது.

படத்தை ஜன்னலில் வைத்ததும் கூட்டம் கூடியது. துடுப்பும் போட்டுக்கொண்டு எப்படி வரைந்தாய் என்று ஒரு மாலுமி கேட்டான். கோவர்ட் உள்ளே போய் ஒரு படகோட்டியைச் சேர்த்தான். அது யார் என்றார்கள். வாயில் வந்த மாமனார் பெயரைச் சொல்லிவிட்டான். போர் நடந்தது போன மாதம், அப்பா போய் மூன்று வருஷம் என்று அலீடா நினைவுபடுத்தினாள்.

அவ்வளவு தூரத்திலிருந்து கப்பலின் கொடி தெரியுமா என்றார் இன்னொருவர். கோவர்ட் படகைக் கத்தியால் சுரண்டிவிட்டு, படத்திலிருந்த 'தங்க மான்' என்ற போர்க்கப்பலை ஒட்டியே புதிதாக வரைந்தான்.

மறுநாள் கடற்படை விசாரணை சபையிலிருந்து ஆள் வந்தது. 'தங்க மானின்' கேப்டன் போரில் புறமுதுகு காட்டினாரா என்று விசாரணையாம். பக்கத்திலேயே இருந்தவர் கோவர்ட்தானே, வந்து இரண்டு விரலை உயர்த்திச் சத்தியம் செய்யவேண்டுமாம்.

ஒரு மனிதனின் உயிர் இவன் வாயில் தொங்கியது. பொய்ச் சத்தியம் செய்தால் நரகம். உண்மையைச் சொன்னால் தீமன் சிரிப்பான். கோவர்ட்டுக்கு இரண்டாவதுதான் கூடுதலாகச் சுட்டது.

சபை வாசலோடு நின்றுவிட்டான். வாயிற்காவலனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, நான் படகுல ஏறினதே இல்ல. எல்லாம் வீட்டுல உக்காந்து வரைஞ்சது."

காவலன் நிதானமாகப் பட்டியலில் அவன் பெயரை அடித்தான்.

"அப்ப நீங்களும் வீட்டுக்குப் போங்க. காலைல தீமன் ஐயாவும் இதையேதான் சொல்லி அழுதாரு. வேலைக்காரி வாங்கிட்டு வர்ற உங்க படத்தைப் பாத்துத்தான் அவரு வரைவாராம், மூலையில அந்தப் படகு மட்டுந்தான் சொந்தச் சரக்காம்."