கல் பங்களாவும் இரண்டு பங்கு வெல்லமும்

திருப்பதி,
வியாழக்கிழமை.

சித்தூரில் சகல சௌக்கியங்களோடும் வாழும் பெரிய மேஸ்திரி, மச்சான் தாமோதரன் அவர்களுக்கு, தங்கையைக் கொடுத்ததோடு நிற்காமல் வேலையும் வாங்கிக் கொடுத்த உங்களுக்கு, நகரி மேஸ்திரி செங்கல்வராயன் வணங்கி எழுதுவது. இங்கு நான் நலம். முட்டிச் சிராய்ப்பு மட்டும் இன்னும் ஆறவில்லை.

தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற பழைய பங்களாவைப் புதுப்பிக்க என் பேரைச் சொன்னீர்களே, அதை ஏழு ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். என்ன கட்டடம் மச்சான்! எல்லாம் நம்ம பக்கத்துக் கல்லு, நம்ம பக்கத்துச் சுண்ணாம்பு, தலைக்கு மேலே கடப்பாக் கல். வெயிலில் உள்ளே போனால் அப்படியே குளுகுளு. ரேஞ்சர் ஹரிப்ரியா மேடம் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: தூண்களில் எவனோ பூசிய சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, பழையபடி சுண்ணாம்பில் வெல்லமும் கடுக்காய்த் தண்ணியும் கலந்து பூசவேண்டும், இல்லாவிட்டால் இனி காட்டுக்குள் எனக்கு வேலையே கிடையாது. கொத்த ஆரம்பித்தால் பத்து நாளாகும் என்று நான் சிமெண்டு மேலேயே பூசிவிட்டேன், உங்களிடம் மறைப்பானேன்? ஆனால் உங்கள் பேர் கெடக்கூடாதே என்று வெல்லத்தை மட்டும் ரெண்டு பங்காகப் போட்டேன், அதுவும் பாகாலாவிலிருந்து வரவழைத்த முதல்தர வெல்லம்.

மேடம் பார்வையிட வருகிற அன்று காலையில் அந்த வாசனைக்குக் கரடி வந்துவிட்டது. "அண்ணா, எலுகுபண்டி வந்துகினு கீது, உள்ள ஓடு!" என்று வாட்ச்சர் கிரண்குமார் கத்த, நான் சாரத்திலிருந்து குதித்து, முட்டி பெயர்ந்து, உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். ஜன்னலில் பார்த்தால், அது தூணைக் கட்டிப்பிடித்து நக்குகிறது, பிறாண்டுகிறது, என் பூச்சும் அடியிலிருந்த சிமெண்டும் பாளம் பாளமாக விழுகிறது. வேலையும் போச்சு, மச்சான் மானமும் போச்சு என்று அழுதே விட்டேன். கரடி போனது, மேடம் வந்தார். சிமெண்டு விழுந்த இடத்தில் கல்லில் செதுக்கிய கிளிக் கூட்டம், ஒரு மூக்குகூட உடையவில்லை!

"இவ்ளோ பொறுமையா யாருப்பா எடுத்தது?" என்றார் மேடம்.

நான் கீழே கிடந்த சிமெண்டுப் பாளத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

"மேஸ்திரிதான் மேடம். ராத்திரி பகலா கொத்திகினு இருந்தாரு" என்றார் கிரண்குமார், புண்ணியவான். வேலை பாஸ்!

எல்லாம் உங்கள் கைராசி. அக்காவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் தங்கை வரலட்சுமி உங்களுக்கு மாங்காய்த் தொக்கு கிளறிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்களால் தலைநிமிர்ந்த
செங்கல்வராயன்

பி.கு.: உறையை ஒட்டும்போது கிரண்குமார் ஒரு விஷயம் சொன்னார். இந்த வேலை முதலில் உங்களுக்குத்தான் வந்ததாம். வந்து பார்த்து, கரடியின் கால்தடத்தைக் கண்டு, அடுத்த பஸ்ஸில் ஏறுமுன் என் பேரை எழுதிக் கொடுத்தீர்களாம். தொக்கு வராது. மேடம் உள்காட்டில் இன்னொரு பங்களாவுக்கு நல்ல மேஸ்திரி கேட்டார். உங்கள் பேரை எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை ஆரம்பம். பயப்படாதீர்கள், அங்கே கரடி கிடையாதாம். யானை மட்டும்தானாம்.