டோன் பாய் தேடிய பதினோரு விநாடி

டோன் பாயைப் போலக் கிட்டார் வாசித்தவர் இந்த உலகத்திலேயே கிடையாது. சும்மா சொல்லவில்லை. ஆறு வருடம் எங்கள் மெல்லிசைக் கோஷ்டியில் இருந்துகொண்டு, ஒரு பாட்டைக்கூட முழுதாக வாசிக்காமல், விருதுநகர் வட்டாரத்தின் தலைசிறந்த கிட்டாரிஸ்ட் என்று பேர் வாங்க வேறு யாரால் முடியும்?

பல்லவியில் நன்றாகத்தான் ஆரம்பிப்பார். இடையிசை வரும்போது முகத்தைச் சுளிப்பார். சரணம் தொடங்கினால் குனிந்துவிடுவார். காலடியில் ஏழு சின்னப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். கிட்டாரின் சத்தம் அந்த ஏழு வழியாகவும் நுழைந்து வெளியே வர வேண்டும். பெட்டிக்கு மூன்று திருகு. இருபத்தொரு திருகையும் திருகி முடித்து அவர் நிமிரும்போது பாட்டு முடிந்து, ஜனம் கைதட்டிக்கொண்டிருக்கும். பாய் தன்னடக்கத்தோடு ஒரு கும்பிடு போடுவார்.

நான் அப்போது சூலக்கரை கலெக்டர் ஆபீசில் கிளார்க். வார நாளெல்லாம் கோப்பு, ஞாயிறானால் கீபோர்டு. பாய்க்குச் சொந்தத் தொழில் கொத்தமல்லி மண்டி. அவருடைய அத்தா ஊரறிந்த வியாபாரி. மகனை மண்டியில் உட்கார வைத்தால், வந்த மூட்டை வந்த இடத்தில் இருக்கும், மகன் மூட்டைமேல் உட்கார்ந்து வாக்மேன் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வாக்மேனில் இருந்ததுதான் எல்லா வினைக்கும் காரணம்.

அது ஒரு சினிமாப் பாட்டு. அதன் நடுவில் பதினோரு விநாடி கிட்டார் வரும். வாசித்தவர் சென்னை ஸ்டூடியோக்களில் பேர்போன கிட்டாரிஸ்ட். நாங்கள் அவரைப் 'பெரியவர்' என்றுதான் சொல்வோம். பெயர் சொன்னால் பாய் கோபித்துக்கொள்வார். அந்தப் பதினோரு விநாடியை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிக் கேட்டு, ஒரே கேசட்டை ஒன்பது முறை வாங்கினார். ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் மட்டும் நாடா தேய்ந்து பல்லிளித்துவிடும். அந்தச் சத்தத்தின் தனிக் குணத்தைத்தான் 'டோன்' என்பார், கடைசியில் அதுவே அவருக்குப் பேராகிவிட்டது.

"மாப்ள, அந்த டோன் மட்டும் எனக்கு வந்துருச்சுன்னு வையி, பெறகு வாசிக்கவே வேண்டாம்லே" என்பார்.

"இப்பவும் வாசிக்கத்தான் இல்லையே பாய்" என்பேன்.

"ஒனக்கு டோன் பத்தி என்ன தெரியும்? கீபோர்டுல பொத்தானை அமுக்குறவன்."

பெரியவரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் பாய் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வார். பெரியவருடைய ஸ்பீக்கர் பெட்டி மரத்தில் செய்தது என்று ஒருவன் சொன்னான். மறுவாரமே பாய் பலகையடித்து ஒரு பெட்டி செய்து, அழகாக இருக்கட்டும் என்று மண்டிச் சாக்கை மேலே போர்த்தித் தைத்துவிட்டார். ஆமத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பெட்டியில் சத்தம் ஏற ஏற, சாக்கில் இருந்த மல்லித் தூசி பொங்கிக் கிளம்பியது. காதல் டூயட் பாடிக்கொண்டிருந்த ஜோடி மாற்றி மாற்றித் தும்மியது. மாப்பிள்ளை தும்மினார், பெண் தும்மினாள், மொய் எழுதுகிறவர் தும்மினார். பாய் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "கேட்டியாலே, கீழ்ச் சத்தம் எப்படிக் கனமா இறங்குது!" என்றார்.

பெரியவர் ஏதோ விசேஷத் தகட்டால் கம்பியை மீட்டுகிறார் என்று இன்னொருவன் கிளப்பிவிட்டான். சிவகாசியில் காலண்டருக்குத் தலையில் அடிக்கிற தகரப்பட்டி இருக்கிறதல்லவா, அதை வாங்கி வந்து முக்கோணமாக வெட்டி மடித்துத் தேய்த்துக்கொண்டார். வாங்கியது தீர்ந்ததும் எங்கள் எல்லோர் வீட்டுக் காலண்டர்களும் தலையிழந்தன. என் வீட்டில் ஏப்ரல் மாதத்திலேயே வருடம் கழன்று விழுந்துவிட்டது.

உச்சம் தயிர்சாதம்தான். பெரியவர் சைவம், தயிர்சாதம் தவிர வேறு தொடமாட்டார், அந்தக் குளிர்ச்சிதான் விரலில் இறங்குகிறது என்று எவனோ கதை கட்ட, பாய் நாற்பது நாள் விரதமே இருந்தார். எண்ணெய்ப் பரோட்டா மணக்கிற ஊரில், அதுவும் நடுவில் பக்ரீத் வருகிறது என்ற நினைப்பே இல்லாமல். அன்றைக்கு மதியம் பாயின் மனைவி, நாங்கள் அக்கா என்போம், எனக்குப் போன் செய்தார்கள்.

"தம்பி, வீடு நிறைய ஆளு. பிரியாணிச் சட்டியைத் தெறந்தாச்சு. இவுக தயிர்சாதம் கேக்காக. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமா, இல்ல ஓதிப் பாக்கணுமா?"

"அக்கா, அது டோன்."

"அப்படி ஒரு நோவா?" என்றார்கள். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.

இப்படி இருக்கையில்தான் அந்தச் செய்தி வந்தது. அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. தீபாவளி சீசன் முடிந்து ஒரு மாதம் மூடிக்கிடந்து, பூஜை போட்டு மறுபடி திறக்கும் நாளில் தொழிலாளர்களுக்கு விருந்தும் பாட்டும் வைப்பது முதலாளியின் வழக்கம். பொழுது சாய்ந்தால் உள்ளே விளக்குப் போடக்கூடாது என்பதால் கச்சேரி பகலிலேயே முடிந்துவிடும். அந்த வருடம் ஆர்டர் எங்களுக்கு. சிறப்பு விருந்தாளி, முதலாளிக்குப் பழக்கமான சென்னைப் பெரியவர்.

பாய்க்குக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. "மாப்ள, கைதட்டு வேண்டாம், மாலை வேண்டாம். அந்த மனுசன் என் வாசிப்பைக் கேட்டுட்டு, 'இது என் டோன்ல்லா'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அது போதும்லே எனக்கு."

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆறு வருடமும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது.

கச்சேரி நாளன்று, கேசட் அட்டையில் பெரியவர் போட்டிருந்த மாதிரியே பளபளவென்று ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். தோளில் கிட்டார், கையில் ஏழு பெட்டிகள் அடங்கிய பை. கம்பெனி வாசலில் போர்மேன் வேலுச்சாமி நின்றார். முந்தின வாரம்தான் ஆபீசர்கள் சோதனைக்கு வந்து அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

"பையில என்ன?" என்றார்.

"டோன், அண்ணாச்சி."

"அதெல்லாம் உள்ள விட முடியாது."

பாய் பையைத் திறந்து காட்டினார். போர்மேன் ஒரு பெட்டியைத் திருப்பி, அடிமூடியைத் திறந்து, பேட்டரியைக் கண்டதும் குழந்தை கையில் கத்தியைப் பார்த்தவர் மாதிரி பதறினார். "இங்கன வச்சிருங்க. ஏழையும்."

"ஏழையுமா?"

"ஏழையும். செல்போனெல்லாம் இந்தக் கூடையில போடுங்க. இது என்னது, தகரமா? இங்க ஆணிகூட இரும்புல கிடையாது, தெரியும்ல? செருப்பைக் கழத்துங்க. சட்டை என்ன துணி?"

பாய் பெருமையாக, "பாலியெஸ்டர்" என்றார்.

"உரசுனாப் பொறி கெளம்பும். கழத்துங்க."

தொழிலாளி ஒருவருடைய பழைய பருத்திச் சட்டை வந்தது. பாய்க்கு அது இரண்டு சுற்றுப் பெரிது. இவ்வளவும் முடிந்து போர்மேனின் பார்வை கிட்டார் மேல் விழுந்தது.

"இதுல என்ன கட்டிருக்கு?"

"கம்பி."

"என்ன கம்பி?"

பாய்க்குப் பொய் வராது. தலையைக் குனிந்துகொண்டு, "இரும்பு" என்றார்.

மருந்து அறைகள் எங்கோ ஒரு கோடியில் இருந்தன. மேடை ஆபீஸ் பக்கத்து வேப்பமரத்தடியில். ஜெனரேட்டர்கூட வாசலுக்கு வெளியே ரோட்டில்தான் நின்றது. ஆனாலும் நாங்கள் வாதாடவில்லை. வேலுச்சாமி ஒரு வெடிவிபத்தில் கூடப்பிறந்த தம்பியைப் பறிகொடுத்தவர். அவர் ஒன்றைக் கூடாது என்றால் அந்த வட்டாரத்தில் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

"அண்ணாச்சி, கம்பியையும் கழத்திட்டா அது வெறுங்கட்டைதான்" என்று நான் கெஞ்சினேன்.

வேலுச்சாமி கிட்டாரை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். "சரி. விரலால மெதுவாத் தொட்டு வாசிக்கட்டும். நான் எதுத்தாப்புல உக்காந்திருப்பேன். வேகமாத் தட்டுனா விரலைத் தூக்குவேன். ஒடனே அடங்கிரணும்." என் கீபோர்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக்தானே என்று விட்டுவிட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பாய் மேடையேறியபோது பார்க்கச் சகிக்கவில்லை. வெறுங்கால், தொளதொளச் சட்டை, காலடியில் திருகுவதற்கு ஒரு பெட்டியும் இல்லை. முன்வரிசையில் பெரியவர். அவருக்குப் பக்கத்தில், விரலைத் தயாராக வைத்துக்கொண்டு வேலுச்சாமி. "மாப்ள, நான் செத்தேன்" என்று பாய் என் காதில் சொன்னார்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. பாய் பழக்கத்தில் ஓங்கினார். விரல் உயர்ந்தது. பாய் அடங்கினார். கட்டைவிரலால் கம்பியைத் தொட்டார். மல்லி காய்ந்திருக்கிறதா என்று பார்க்க மண்டியில் இரண்டு விரலால் உருட்டி நசுக்கிப் பார்ப்பாரே, அதே தொடல். கிட்டாரிலிருந்து வந்த சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. உலர்ந்து, தாழ்ந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. இடையிசை வந்தது, முகம் சுளிக்கவில்லை. சரணம் வந்தது, குனியவில்லை. குனிந்தால் அங்கே என்ன இருக்கிறது? ஆறு வருடத்தில் முதல் தடவையாக டோன் பாய் ஒரு பாட்டை முழுதாக வாசித்தார். நான் அசந்துபோய் என் இடத்தைத் தவறவிட்டேன்.

நகக்கண்ணில் வெள்ளி மருந்து ஏறிப்போன கைகளோடு தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வேலுச்சாமியின் விரல் மடியில் இறங்கிவிட்டது. பெரியவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தார்.

முடிந்ததும் அவரே மேடைக்கு ஏறி வந்தார். "தம்பி, இந்த டோனை எங்கே பிடிச்சீங்க?"

பாய் கும்பிட்டுக்கொண்டே, "உங்ககிட்ட இருந்துதான்யா" என்றார்.

பெரியவர் சிரித்தார். "என்கிட்ட இது கிடையாதே. யார்கிட்டயும் இப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. இதை விட்டுடாதீங்க."

நாங்கள் எல்லோரும் துள்ளிக் குதித்தோம். பாயின் முகம் செத்துப்போனது. திரும்பி வரும்போது வேனில் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஏழு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதே விட்டார். "பாத்தியாலே மாப்ள. கெடையாதுன்னுட்டாரு. ஆறு வருசம்லே!" யார் எடுத்துச் சொல்லியும் அவருக்கு ஏறவில்லை.

நான்கு நாள் பாய் மண்டிப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் என் ஆபீசுக்கு வந்து, தாசில்தார் கோப்பின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். "மாப்ள, 'இதை விட்டுடாதீங்க'ன்னாரே. எதைலே?"

"அன்னைக்கு வாசிச்சீகளே, அதைத்தான்."

"அது எப்படி இருந்துச்சு?"

அங்கேதான் பிடித்தது அடுத்த கிறுக்கு. இனிமேல் பெரியவர் டோன் வேண்டாமாம், அன்றைக்குத் தான் வாசித்த டோன் வேண்டுமாம். கேட்டுப் பார்க்கலாம் என்றால் யாரிடமும் பதிவு இல்லை. செல்போன் எல்லாம் வேலுச்சாமியின் கூடையில் இருந்தது. அந்தப் பழைய சட்டையைத் தொழிலாளியிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சங்குளத்துக்கே போய், "அண்ணாச்சி, என்னைய ஒரு தடவை சோதனை போடுங்க" என்று வாசலில் நின்றார். "இன்னைக்கு லீவுங்க" என்று சொன்ன போர்மேனை விடாமல், அடுத்த பங்குனிப் பொங்கல் கச்சேரிக்கு விருதுநகருக்குக் கூட்டி வந்து, முன்வரிசையில் விரலைத் தூக்கிக்கொண்டு உட்கார வைத்தார். அந்த நல்ல மனிதரும் மூன்று மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது கோஷ்டி கலைந்துவிட்டது. ஏழு பெட்டிகளும் பாய் வீட்டுப் பரணில் இருக்கின்றன. ஆனால் ஞாயிறு காலை ஆனால், அந்தச் சட்டையோடு, வெறுங்காலோடு, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பார். முடித்துவிட்டு என் முகத்தையே பார்ப்பார்.

"இதுவாலே அது?"

அதேதான். அன்றைக்கு வேப்பமரத்தடியில் கேட்டது அப்படியே, ஒரு இம்மி குறையாமல். போன வாரமும் அதேதான், அதற்கு முந்தின வாரமும் அதேதான். அன்றிலிருந்து அது அவர் விரலை விட்டுப் போனதே இல்லை. அவருக்கு மட்டும்தான் அது தெரியாது.

நான் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி தலையைச் சாய்ப்பேன். "கிட்ட வந்துட்டீக பாய். இன்னும் ஒரு துளி இருக்கு."

அது வந்துவிட்டது என்று சொல்லிவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு யார் வருவார்கள்?