ஜவ்வரிசிக் குட்டையும் என் காப்புரிமையும்

படித்தவன் முட்டாளாகிவிட்டால் அவனைத் தடுக்க ஆள் கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில் என்னையும் யாரும் தடுக்கவில்லை.

கோயம்புத்தூரில் நுண்ணுயிரியல் படித்து முடித்த திமிரில், நாமக்கல் பக்கம் மாமாவின் ஜவ்வரிசி ஆலைக்குப் பின்னால் இருந்த கழிவுநீர்க் குட்டையிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தேன். உலகில் எவரும் காணாதது என்று முடிவும் செய்தேன். (உலகில் எவரையும் கேட்கவில்லை.) காப்புரிமை வாங்கிவிட்டால் மாமா மகள் செல்வியைப் பெண் கேட்டுவிடலாம் என்பது என் திட்டம்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த வக்கீல் என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"புதுசுங்கிறீங்க, சரி. இதை வெச்சு என்ன செய்யலாம்?"

"என்ன வேணாலும் செய்யலாங்க சார். கோழிக்குத் தீவனம், வெத்தலைக்கு உரம், புண்ணுக்கு மருந்து..."

"தம்பி, எல்லாத்துக்கும் ஆகும்னு எழுதினா ஒண்ணுக்கும் ஆகாதுன்னுதான் படிப்பாங்க. சட்டத்துக்குப் புதுசாவும் இருக்கோணும், பயனும் இருக்கோணும். இந்தக் கிருமியால நடக்கற ஒரே ஒரு வேலையைக் காட்டுங்க, போதும்."

குட்டையின் நாற்றத்தைப் போக்கும் முறை என்று அங்கேயே ஒரு பயனைக் கண்டுபிடித்தேன். கிருமியை வளர்த்துக் குட்டையில் ஊற்றினேன். சில நாளில் தண்ணீர்மேல் தடித்த ஆடை படிந்தது, நாற்றம் நின்றது! மாமா பூரித்துப்போய், பரமத்தி வேலூர் சொந்தங்களையும் வக்கீலையும் அழைத்துக் குட்டைக் கரையிலேயே கறி விருந்து வைத்துவிட்டார்.

பந்தியில் வக்கீல் மெதுவாகக் கேட்டார்: "ஆடைக்கு அடியில பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஆனால் செல்வி பரிமாறிக்கொண்டிருக்கும்போது அதை ஒப்புக்கொள்ள முடியுமா? நீண்ட மூங்கிலை எடுத்துப்போய் வீரமாகக் குட்டையைக் கலக்கினேன். அத்தனை நாளும் அடியில் அடைபட்டிருந்த நாற்றம் ஒரே மூச்சில் மேலே வந்தது.

"அட சாமீ! ஓடுங்க!" என்று மாமாதான் முதலில் ஓடினார். கறியை இலையில் விட்டு எழுந்த வரலாறு எங்கள் சனத்தில் அதுவரை இல்லை. (அந்த இலைகளை நினைத்தால் இன்றும் வருந்துகிறேன்.) வக்கீல் பஸ் ஏறினாரா, நடந்தே சேலம் போனாரா, தெரியாது. நான் மட்டும், இன்னும் ஒரு கலக்கில் சரியாகிவிடும் என்று கலக்கிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் மாமா திரும்பி வந்தார். "ஏனுங்க மாப்ளே, வந்த சனத்தையெல்லாம் பட்டினி போட்டுட்டீங்களே!"

சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி, சிரிப்பை அடக்க முடியாமல் செல்வி சொன்னாள்: "நீங்கெல்லாம் ஓடிட்டீங்க. ஓடாம நின்னது இவரு ஒருத்தர்தானுங்கப்பா. கட்டுனா இவரத்தான் கட்டுவேன்."

காப்புரிமை வரவில்லை. கல்யாணம் நடந்தது. பந்தலில் மாமா என்னை ஒவ்வொருவரிடமும் அறிமுகப்படுத்தினார்: "மாப்பிள்ளை புதுசுங்க. பயன் இனிமேத்தான் தெரியோணும்."

இன்றும் விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னைத் தாண்டிப்போய்ச் செல்வியைத்தான் விசாரிக்கிறார்கள்: "ஏனுங்க, பயன் ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?"

"ஆராய்ச்சி நடந்துட்டே இருக்குதுங்க" என்கிறாள், தேங்காய்ப் பையை என் தோளில் மாட்டிவிட்டு.